கேட்கும்போது மட்டும் நினைவுக்கு வரும் கொடையாளர்கள்

கேள்வி: குணப்படுத்த முடியாத நோயோடு வாழ்பவர்களை அவர்களுடைய வீட்டுக்கே சென்று கவனிக்கும் பணியைப் பதினொரு ஆண்டுகளாகச் செய்துவருகிறோம். இரண்டு செவிலியர், ஒரு சமூகப் பணியாளர், ஓர் ஓட்டுநர், கணக்கையும் கடிதங்களையும் பார்க்கும் நான் என்று மொத்தம் ஐந்து பேர். விளம்பரத்துக்கு ஒதுக்க எங்களிடம் பணம் இல்லை. கடந்த ஓராண்டில் பெரிய கொடையாளர்கள் மூவர் காரணம் சொல்லாமலே நின்றுவிட்டார்கள். திரட்டித் தரும் தொகையில் ஒரு பங்கைக் கூலியாகப் பெறும் முகவரை அமர்த்தலாம் என்று அறங்காவலர்களில் சிலரும், நோயாளிகளின் படங்களோடு சமூக ஊடகத்தில் பெரிய பிரசாரம் நடத்தலாம் என்று மற்றவர்களும் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? கடந்த ஆண்டு அனுப்பிய ஐந்து கடிதங்களையும், பெயர்களை மறைத்த கொடையாளர் பதிவேட்டின் நகலையும் இணைத்திருக்கிறேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வண்டி வாங்குவதற்கென்று ஒருவர் கொடுத்த தொகையில் ஒரு பகுதியை, பணமுடை வந்த இரண்டு மாதங்களில் சம்பளத்துக்கு எடுத்துவிட்டோம். அவருக்கு இன்னும் தெரியாது.

பெயர் வெளியிட விரும்பாத ஒரு தொண்டு அமைப்பின் செயலாளர்

பதில்:

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வண்டிப் பணத்தைப் பற்றிய செய்தியைக் கடிதத்தின் கடைசியில், ஏறக்குறைய ஒரு பின்குறிப்பைப் போல எழுதியிருக்கிறீர்கள். முகவர், பிரசாரம், படங்கள் எல்லாவற்றுக்கும் இன்னும் ஒரு மாதம் காத்திருக்க நேரம் உண்டு. அந்தக் கொடையாளருக்கு இந்த வாரமே செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இன்னதற்கு என்று குறிப்பிட்டுக் கொடுக்கப்பட்ட பணம், அந்தக் காரியம் முடியும் வரை உங்களிடம் அடைக்கலமாக இருக்கும் பணம். பொது நிதியிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பதே தொண்டு அமைப்புகளின் கணக்கியலில் பரவலாக ஏற்கப்பட்ட நடைமுறை. அதை மீறினால் சட்டச் சிக்கலும் வரலாம். ஆகவே எழுதுவதற்கு முன் உங்கள் தணிக்கையாளரோடு உட்கார்ந்து, எடுத்த தொகை எவ்வளவு, எந்தத் தேதிகளில், யாருடைய சம்பளத்துக்கு, இப்போது மீதி எவ்வளவு என்பவற்றை ஒரே தாளில் எழுதிவிடுங்கள். தொகை சொல்லாத மன்னிப்புக் கடிதம், சொல்லாமல் விட்டது இன்னும் எவ்வளவோ என்ற சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

இது உங்களைப் போன்ற சிறிய அமைப்புகளுக்கு மட்டும் வரும் இக்கட்டு என்று எண்ண வேண்டாம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 'லிபர்ட்டி ஃபண்ட்' என்ற பெயரில் தனி நிதி திரட்டியது. கொடுத்தவர்கள் அந்தத் தாக்குதலில் உற்றாரை இழந்த குடும்பங்களை நினைத்துக் கொடுத்தார்கள். சங்கமோ அதில் ஒரு பகுதியை வருங்காலத் தேவைகளுக்கும் வேறு பணிகளுக்கும் ஒதுக்கத் திட்டமிட்டிருந்தது. செய்தி வெளியானதும் எழுந்த கோபம் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணை வரை போயிற்று. சங்கத்தின் தலைவர் பதவி விலக நேர்ந்ததற்கு இந்தச் சர்ச்சையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நவம்பரில் சங்கம் தன் திட்டத்தைக் கைவிட்டு, நிதி முழுவதும் பாதிக்கப்பட்டவர்களுக்கே என்று அறிவித்தது. அந்தப் பணத்தை யாரும் தம் பைக்குள் போட்டுக்கொள்ளவில்லை. ஒதுக்க நினைத்த காரியங்களும் மோசமானவை இல்லை. கொடுத்தவர்கள் அதைச் சங்கத்தின் வாயால் கேட்காமல் செய்தித்தாளில் படித்தார்கள், அவ்வளவுதான்.

மூன்று ஆண்டுகள் கழித்து இதே வகைச் சிக்கல் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்கு வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு பணம் குவிந்தது. ஏறக்குறைய ஒரு வாரத்திலேயே, தாங்கள் அங்கே செய்யத் திட்டமிட்டிருந்த பணிகளுக்கு வேண்டிய பணம் வந்துவிட்டது, இனி இதற்கென்று அனுப்ப வேண்டாம் என்று அது அறிவித்தது. மிகுந்த பணத்தை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்தலாமா என்று ஏற்கெனவே கொடுத்தவர்களிடமும் ஒப்புதல் கேட்டது. மற்ற அமைப்புகள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்த வேளையில் 'போதும்' என்று சொன்னதற்காகத் துறைக்குள்ளேயே அதன்மீது எரிச்சல் எழுந்தது. ஆனால் பணத்தைத் திருப்பிக் கேட்ட கொடையாளர்கள் மிகச் சிலர்தான்.

உங்கள் நிலை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. செலவழிப்பதற்கு முன் ஒப்புதல் கேட்கும் வாய்ப்பு போய்விட்டது. அவர் வேறொருவர் வழியாக அறிவதற்கு முன் நீங்களே சொல்லும் வாய்ப்பு மிச்சமிருக்கிறது. முதலில் தொலைபேசியில் பேசுங்கள். அன்றைக்கே கடிதமும் போகட்டும். கடிதத்தில் உங்களோடு அறங்காவலர் குழுத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு மாதிரியை எழுதிப் பார்த்தேன். தொகையையும் மாதங்களையும் உங்கள் கணக்குப்படி மாற்றிக்கொள்ளுங்கள்:

"நீங்கள் வண்டி வாங்கக் கொடுத்த தொகையில் ஐந்தில் இரண்டு பங்கை, கடந்த மார்ச், ஏப்ரல் மாதங்களில் எங்கள் செவிலியர் இருவரின் சம்பளத்துக்காக எடுத்தோம். உங்களைக் கேட்காமல் எடுத்தது தவறு. அந்த இரண்டு மாதங்களிலும் அவர்கள் ஒரு நாளும் தவறாமல் நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்றார்கள். ஆனால் நீங்கள் பணம் கொடுத்தது அதற்காக அல்ல. மீதித் தொகை தனிக் கணக்கில் இருக்கிறது. எடுத்ததைத் திரும்பச் செலுத்தும் கால அட்டவணையை இணைத்திருக்கிறோம். இதில் நீங்கள் எதைச் சொன்னாலும் அதன்படி நடக்கிறோம்; மீதியைத் திருப்பித் தரக் கேட்டாலும் தருகிறோம்."

நீங்கள் செய்ததையும் செய்யப்போவதையும் சொல்லும் வாக்கியங்கள் 'எடுத்தோம்', 'நடக்கிறோம்' என்று செய்வினையில் முடிவதைக் கவனியுங்கள். இதே செய்தியைக் குழுவில் கொடுத்தால் 'நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு நிதி தற்காலிகமாக மடைமாற்றம் செய்யப்பட வேண்டியதாயிற்று' என்று திருத்தி அனுப்புவார்கள். செயப்பாட்டு வினைக்குள் ஆளை ஒளித்துவைப்பது அலுவலகத் தமிழின் பழைய பழக்கம். படிப்பவர் முதலில் தேடுவதும் அந்த ஒளிந்திருக்கும் ஆளைத்தான். இந்தக் கடிதத்தில் புதிய நன்கொடை எதையும் கேட்காதீர்கள். சம்பளத்துக்கு எடுத்ததை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன் என்று அவராகச் சொன்னால், அதை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் உறவை முறித்துக்கொள்ளவும் கூடும். அப்போதும் இந்தக் கடிதம் எழுதியாக வேண்டியதே.

இனிப் பதிவேட்டுக்கு வருகிறேன். உங்களை யாருக்கும் தெரியவில்லை என்ற கவலையில்தான் முகவரும் பிரசாரமும் பேசப்படுகின்றன. பதிவேடு வேறொன்றைச் சொல்கிறது. பதினொரு ஆண்டுகளில் 212 பேர் உங்களுக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் 141 பேர் ஒரே ஒரு முறை கொடுத்தவர்கள். இதில் உங்களுக்கென்று தனித்த அவமானம் ஏதுமில்லை. நன்கொடைத் தரவுகள் ஒழுங்காகத் தொகுக்கப்படும் அமெரிக்காவிலும், ஓராண்டு கொடுத்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே மறு ஆண்டும் கொடுக்கிறார்கள். முதல் முறை கொடுத்தவர்களில் திரும்பி வருவோர் அதைவிடவும் குறைவு. ஆனாலும் 141 பேர் ஒரு காலத்தில் உங்கள் பணியை நம்பிப் பணத்தை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய முகவரி உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கும்போது, உங்களைக் கேள்விப்பட்டேயிராத ஆயிரம் பேரைத் தேடி ஏன் போக வேண்டும்?

அவர்கள் ஏன் திரும்பவில்லை என்பதற்கான தடயம் நீங்கள் அனுப்பிய ஐந்து கடிதங்களிலும் இருக்கிறது. ஐந்தும் பணம் கேட்கும் கடிதங்கள். ஐந்தும் "எங்கள் அமைப்பு தன்னலமற்ற சேவையாற்றி வருவதைத் தாங்கள் அறிவீர்கள்" என்ற ஒரே வாக்கியத்தில் தொடங்குகின்றன. ஆண்டுத் தொடக்கக் கடிதத்தில் பென்சிலால் வட்டமிட்டு எண்ணினேன்: 'எங்கள்' பதினான்கு இடங்களில் வருகிறது, 'தங்கள்' ஒரே இடத்தில், 'தங்கள் மேலான நன்கொடையை' என்று. கொடுத்தவர் சென்ற முறை கொடுத்தது என்ன ஆயிற்று என்ற செய்தி ஒரு கடிதத்திலும் இல்லை. நின்றுபோன மூவரில் ஒருவர் நான்கு ஆண்டுகள் விடாமல் கொடுத்திருக்கிறார். அவருடைய கடைசி நன்கொடைக்கும் ரசீதுக்கும் இடையே, உங்கள் பதிவேட்டின்படியே, ஏழு வாரங்கள். அந்த ரசீதை அடுத்து அவருக்குப் போனது அடுத்த வேண்டுகோள் கடிதம். காரணம் சொல்லாமல் நின்றுவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். காரணத்தைச் சொல்ல அவருக்கு நீங்கள் எப்போதாவது இடம் கொடுத்தீர்களா என்பது எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் எல்லோரையும் அழைத்து நன்றி சொல்லிவிடலாமே என்று குழுவில் யாராவது எழுந்து சொல்வார்கள். நானும் நெடுங்காலம் இதையே பாடமாகச் சொல்லித் திரிந்தவன். அன்யா சமேக், சக் லாங்ஃபீல்டு என்ற இரு ஆய்வாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். முக்கியமாகப் பொதுத் தொலைக்காட்சி நிலையங்களுக்குக் கொடுத்த பல இலட்சம் பேரை, குலுக்கல் முறையில், நன்றி அழைப்பு பெறுபவர் பெறாதவர் என்று பிரித்து, பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அழைப்பு வந்தவர்களும் வராதவர்களும் அதன் பிறகு ஏறக்குறைய ஒரே அளவில்தான் கொடுத்தார்கள். துறையில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே கணிக்கச் சொன்னபோது, பலன் இருக்கும் என்றுதான் அவர்கள் கணித்திருந்தார்கள். 2023இல் வெளியான இந்த முடிவைப் படித்த அன்று எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது. நன்றி சொல்வது வீண் என்று இதிலிருந்து நான் முடிவு கட்டவில்லை. வெளியாள் ஒருவர் பட்டியலை வைத்துக்கொண்டு சொல்லும் நன்றியில் செய்தி எதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். உங்களைப் போன்ற சிறிய அமைப்புக்கு இருக்கும் ஒரே சாதகம், நோயாளியின் வீட்டுக்குப் போய்வந்தவரே கொடையாளரிடமும் பேச முடியும் என்பது. அதைப் பயன்படுத்தாமல் பெரிய அமைப்புகளின் சடங்குகளை நகலெடுத்தால், அவர்களுக்கே பயன்படாத ஒன்று உங்களுக்கு மட்டும் எப்படிப் பயன்படும்?

பதிவேடு சரியாக இல்லாவிட்டால் நல்ல எண்ணமும் காயப்படுத்தும் என்பதைத் தொழிலின் தொடக்கத்தில் நானே கற்றுக்கொண்டேன். அப்போது பணியாற்றிய அமைப்பிலிருந்து ஒரு மூதாட்டிக்கு ஒவ்வொரு காலாண்டும் 'நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்' என்று தொடங்கும் கடிதத்தை அனுப்பிவந்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய மகளிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது: "அம்மா இறந்து இருபது மாதங்கள் ஆகின்றன. இரண்டு முறை தொலைபேசியில் சொல்லிவிட்டேன்." சொன்னது உண்மைதான், தொலைபேசியை எடுத்தவர் எழுதி வைக்க எங்கள் பதிவேட்டில் ஒரு கட்டம் கூட இல்லை. உங்கள் பதிவேட்டிலும் பெயர், நன்கொடைத் தேதி, தொகை, ரசீது எண்ணும் தேதியும் என்று நான்கு கட்டங்கள்தான் இருக்கின்றன. இன்னும் மூன்றைச் சேருங்கள்: ஏன் கொடுத்தார், கடைசியாக அவரிடம் பேசியது யார், அவர் என்ன சொன்னார். இதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம். எக்செல் போதும், கோடு போட்ட நோட்டுப் புத்தகம் கூடப் போதும்.

என்ன எழுதி அனுப்புவது என்பதில்தான் நீங்கள் கேட்ட படங்கள் பற்றிய கேள்வி வருகிறது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவென்ஸ்டீன், பால் ஸ்லோவிக் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்று இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றிச் சிலரிடம் சொன்னார்கள். பஞ்சத்தால் இலட்சக்கணக்கானோர் தவிப்பதைப் புள்ளிவிவரங்களாக வேறு சிலரிடம் சொன்னார்கள். இன்னும் சிலரிடம் சிறுமியையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். சிறுமியைப் பற்றி மட்டும் கேட்டவர்களே அதிகம் கொடுத்தார்கள். அதே கதையோடு எண்களைச் சேர்த்ததும் கொடை குறைந்துவிட்டது. இதைப் படித்துவிட்டுப் பல ஆலோசகர்கள், அழும் முகம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள் என்று அறிவுரை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. அந்த ஆய்வு ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்கிறதே தவிர, அவரை அவமானப்படுத்துங்கள் என்று சொல்லவில்லை.

உங்கள் பணியில் இதற்கு இன்னும் ஒரு சிக்கல் உண்டு. வலி மருந்தும் புண் கட்டும் உங்கள் செவிலியர் கையிலிருந்து வர வேண்டிய நிலையில் இருக்கும் ஒருவரிடம் 'படம் எடுத்துக்கொள்ளலாமா' என்று கேட்டால், அவரால் மறுக்க முடியுமா? அவர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது உங்களுக்கே தெரியும். இணையத்தில் ஏறிய படம் அவர் காலமான பிறகும் அவருடைய பிள்ளைகளின் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். படுக்கையில் இருப்பவரின் முகத்தைப் போடக் கூடாது என்று குழுவில் தீர்மானமாகவே எழுதிவிடுவது நல்லது. குடும்பத்தார், காலம் கடந்த பிறகு, தாமாக முன்வந்து சொல்ல விரும்பினால் அது வேறு.

முகம் இல்லாமலே காட்சியைக் கொண்டுவர முடியும். நீங்கள் அனுப்பிய தாள்களுக்குள், செவிலியர் நாட்குறிப்பின் ஒரு பக்கம் தவறுதலாகச் சேர்ந்து வந்திருக்கிறது. ஐந்து கடிதங்களையும்விட எனக்கு அதுவே அதிகம் சொன்னது. ஊரும் பெயரும் நீக்கி அதைக் கடிதமாக்கினால் இப்படி வரும்: "இரவு 2 மணிக்கு ஒருவரின் மனைவி அழைத்தார். வலி கூடிவிட்டது, அடுத்த வேளை மருந்தை இப்போதே கொடுக்கலாமா என்று கேட்டார். மருத்துவர் எழுதியிருந்த குறிப்பைப் பார்த்துச் செவிலியர் பதில் சொன்னார். மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரை தொலைபேசியை வைக்கவில்லை. காலையில் போனபோது நோயாளி உறங்கிக்கொண்டிருந்தார். மனைவி வாசற்படியில் உட்கார்ந்தபடியே உறங்கிப்போயிருந்தார். அந்த அழைப்பை எடுக்க ஒருவர் விழித்திருந்ததற்கு உங்கள் நன்கொடையும் ஒரு காரணம்." இதைக் கூட, நாட்குறிப்பு எழுதிய செவிலியரின் ஒப்புதலோடும், அந்தக் குடும்பம் படித்தாலும் மனம் நோகாது என்ற உறுதியோடும்தான் அனுப்ப வேண்டும். மூன்று வீடுகளில் நடந்ததை ஒரே வீட்டில் நடந்ததாகக் கோத்து எழுதாதீர்கள். அப்படி எழுதியே ஆக வேண்டுமென்றால், கோத்து எழுதியது என்று கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மேலே உள்ள நாட்குறிப்புக் கடிதத்தின் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். விழித்திருந்த ஒருவர் என்றால் சம்பளம். உங்கள் ஐந்து கடிதங்களிலும் மருந்து, கட்டில், சக்கர நாற்காலி, வண்டி எல்லாம் இருக்கின்றன. சம்பளம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆண்டறிக்கையில் அது 'நிர்வாகச் செலவு' என்ற தலைப்புக்குள் போய் ஒடுங்கியிருக்கிறது. பதினொரு ஆண்டுகளாகச் சம்பளத்தைப் பற்றிக் கொடையாளர்களிடம் பேசாமல் இருந்ததால், சம்பளம் முடங்கிய மாதத்தில் கேட்பதற்கு ஆள் இல்லாமல் போய், வண்டிப் பணத்தில் கை வைக்க நேர்ந்தது. அந்தத் தவறின் வேர் இங்கே இருக்கிறது என்பது என் கணிப்பு.

நிர்வாகச் செலவைக் குறைத்துக் காட்டும் போட்டி இந்தத் துறையின் நாட்பட்ட நோய். கொடையாளர் குறைவாக எதிர்பார்க்கிறார். அமைப்பு இருப்பதைவிடக் குறைத்துக் காட்டுகிறது. அதைப் பார்த்து அடுத்த கொடையாளர் இன்னும் குறைவாக எதிர்பார்க்கிறார். ஆன் காகின்ஸ் கிரெகரி, டான் ஹோவர்ட் இருவரும் 2009இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சுழலைப் 'பட்டினிச் சுழற்சி' என்று அழைத்தார்கள். 2013இல், தொண்டு அமைப்புகளை மதிப்பிடும் வேலையையே செய்யும் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து, நிர்வாகச் செலவின் விகிதத்தை மட்டும் வைத்து ஓர் அமைப்பை எடைபோடாதீர்கள் என்று அமெரிக்கக் கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. ஆனாலும் மக்கள் மனம் எளிதில் மாறாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தம் பணம் அலுவலகத்துக்குப் போகிறது என்றால் இன்னும் பலர் முகம் சுளிக்கத்தான் செய்கிறார்கள்.

இதற்கு நடைமுறை வழி ஒன்று உண்டு. யூரி நீசி முதலிய மூவர் 2014இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனையில், 40,000 பேருக்கு நன்கொடை கேட்டுக் கடிதம் போயிற்று. ஒரு பெரிய கொடையாளர் நிர்வாகச் செலவை முழுவதும் ஏற்றுக்கொண்டுவிட்டார், நீங்கள் கொடுப்பது அப்படியே திட்டத்துக்குப் போகும் என்று சொல்லப்பட்டவர்களிடமிருந்து வந்த தொகை மற்ற எல்லாக் குழுக்களையும்விட அதிகம். ஆகவே அமைப்பின் உள்நிலையை நன்கு அறிந்த ஒருவரை, பெரும்பாலும் உங்கள் அறங்காவலர்களில் ஒருவராகவோ அவர்களுக்கு நெருக்கமானவராகவோ இருக்கக்கூடியவரை, நேரில் சந்தித்து, ஒரு செவிலியரின் ஓராண்டுச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று பெயர் சொல்லியே கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டால், அந்தச் செய்தியை மற்றக் கொடையாளர்களிடம் உண்மையாகவே சொல்லலாம். ஒப்புக்கொள்வதற்கு முன் சொல்லிவிடக் கூடாது என்பதைத் தனியே எழுத வேண்டியதில்லை. ஆனால் அப்படிச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

முகவரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1960இல் தொடங்கப்பட்ட, நிதி திரட்டும் தொழிலில் இருப்போரின் பன்னாட்டுச் சங்கமான ஏ.எஃப்.பி., திரட்டிய தொகையில் சதவீதம் பெறுவதைத் தன் நெறிமுறைகளில் தடுத்திருக்கிறது. விழுக்காட்டுக்கு வேலை செய்பவருக்கு இன்றைக்கு வரும் தொகைதான் முக்கியம். ஐந்து ஆண்டுகள் கழித்தும் அந்தக் கொடையாளர் உங்களோடு இருப்பாரா என்பது அவருடைய கவலையாக இருக்க முடியாது. அவர் விலகும்போது பட்டியலும் உறவும் அவரோடு போய்விடும். உதவி தேவை என்றால் குறிப்பிட்ட வேலைக்குக் குறிப்பிட்ட கூலி என்று பேசி அமர்த்துங்கள்.

பெரிய பிரசாரம் என்றதும் உங்கள் குழுவினர் மனத்தில் ஓடுவது 2014ஆம் ஆண்டு 'ஐஸ் பக்கெட் சேலஞ்ச்' என்று ஊகிக்கிறேன். தலையில் குளிர்ந்த நீரைக் கொட்டிக்கொண்டு மூவரை அழைக்கும் அந்த விளையாட்டின் வழியாக, ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்கான அமெரிக்கச் சங்கத்துக்கு ஒரே கோடையில் 11.5 கோடி டாலர் வந்தது. அதைத் தொடங்கிவைத்தது சங்கத்தின் விளம்பரப் பிரிவு இல்லை. நோயாளிகளும் அவர்களுடைய நண்பர்களும். மறு ஆண்டு அதையே திரும்ப நடத்தியபோது வந்த தொகை முதல் ஆண்டோடு ஒப்பிடத் தக்கதாகவே இல்லை. மழை பெய்தால் குடம் நிறையட்டும்; ஆனால் அதை நம்பி விதைக்க முடியாது. உங்கள் ஐந்து பேருக்குள் சமூக ஊடகத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதபோது, அங்கே ஆர்வத்தோடு தொடங்கி மூன்று மாதத்தில் பாழடைந்த பக்கம், கதவைப் பூட்டிவிட்டுப் போன அலுவலகத்தைப் போலத் தோன்றும். அமைப்பின் பக்கத்தில் முகவரியும் தொலைபேசி எண்ணும் கடைசி ஆண்டறிக்கையும் சரியாக இருக்கட்டும். அதற்கு மேல் இப்போது வேண்டாம்.

எனவே அடுத்த ஆறு மாதங்களுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கச் சொல்வேன். அது உங்கள் நேரம் மட்டுமாக இருக்கக் கூடாது. செவிலியரும் சமூகப் பணியாளரும் மாதம் ஒரு முறை, தாம் எழுதிய குறிப்பிலிருந்து ஒரு பத்தியை உங்களிடம் தர வேண்டும். ரசீது பணம் வந்த மூன்று நாட்களுக்குள் போய்விட வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, எதையும் கேட்காத கடிதம் ஒன்று, ஒரு பக்கத்துக்கு மிகாமல், மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அஞ்சலிலோ, அவரவர் விரும்பும் வழியில் போகட்டும். கேட்கும் கடிதம் ஆண்டுக்கு இரண்டு போதும். 141 பேருக்கும் ஒரே நாளில் எழுதிவிட முயலாதீர்கள். வாரம் ஆறு பேர் என்றால் ஆறு மாதத்தில் முடிந்துவிடும், பதில் வந்தால் பேசவும் நேரம் இருக்கும்.

நின்றுபோன மூவரிடமும் 'ஏன் நிறுத்திவிட்டீர்கள்' என்று கேட்க வேண்டாம்; அது கடன் கேட்டு வந்து நிற்பதைப் போல இருக்கும். 'நாங்கள் அனுப்பிய செய்திகளில் உங்களுக்குக் குறையாகத் தோன்றியது என்ன' என்று கேளுங்கள். நான்கு ஆண்டுகள் கொடுத்தவரிடம் அந்த ஏழு வார ரசீதுக்காக மன்னிப்பும் கேட்டுவிடுங்கள். அவர் அதைக் கவனிக்காமலே இருந்திருக்கலாம். இருந்தாலும் கேட்டதில் குறைவு ஒன்றுமில்லை. ஒருவருக்குத் தொழிலில் நட்டமாகியிருக்கும், இன்னொருவர் வேறு பணிக்குக் கொடுக்கத் தொடங்கியிருப்பார். எதுவாயினும் புதிய கட்டங்களில் எழுதி வைத்துவிட்டு, கேட்காத கடிதத்தை அவர்களுக்கும் தொடர்ந்து அனுப்புங்கள்.

கடைசியாக, பதிவேட்டின் மூன்றாம் பக்கத்தில் 58ஆம் எண். ஒன்பது ஆண்டுகளாக, ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 14 அன்று, பட்டியலிலேயே மிகச் சிறிய தொகை ஒன்று அவரிடமிருந்து வந்திருக்கிறது. ஓராண்டு கூடத் தவறவில்லை. நீங்கள் கேட்டு எழுதிய மாதங்களுக்கும் அந்தத் தேதிக்கும் தொடர்பே இல்லை. அது யாருடைய நினைவு நாள், உங்கள் செவிலியர் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார்களா என்பதெல்லாம் பதிவேட்டில் இல்லை. ரசீது எண் மட்டும் ஒன்பது முறை எழுதப்பட்டிருக்கிறது. வண்டிக்குப் பணம் கொடுத்தவரிடம் பேசி முடித்த மறுநாள், மற்ற யாரையும் அழைப்பதற்கு முன், இவரை அழையுங்கள்.